மேல் கிண்ணம்

பட்டாசைக் கொளுத்தியது பூங்காவனம் அக்காதான்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் பழைய பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். புதுப் பலகையை இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை. உள்ளே ‘பேரூராட்சி’ என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

சாலையில் சரவெடியை நீட்டிப் போட்டுவிட்டு, யார் கொளுத்துவது என்று வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் மரியாதையாக முன்னே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். ஒருத்தர் கையிலிருந்த ஊதுவத்தியைப் பிடுங்கித் திரியில் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே எங்கள் பக்கம் ஓடி வந்தாள்.

“இனிமே நாம டவுனுடி” என்றாள், என் காதில் கத்தி.

எவளோ என் வாயில் லட்டைத் திணித்தாள். வெடிமருந்து நெடியும் லட்டின் கிராம்பு வாசனையும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. இன்றைக்கும் லட்டில் கிராம்பு கடிபட்டால் துப்பிவிடுகிறேன்.

அன்று அங்கே நின்று சிரித்த பெண்களில் ஒருத்திக்குக்கூடத் தெரியாது, எங்கள் பிழைப்புக்கு நாங்களே வெடி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று.

டீச்சர் என்ற நான்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். போன வாரம் என் கல்யாண ஜமுக்காளத்தைப் பற்றி எழுதியதற்கு என் தங்கை போன் போட்டுத் திட்டி முடித்துவிட்டாள். அதனால் இந்த வாரம் குடும்பத்தை விட்டுவிடுகிறேன்.

என் பெயர் ஜரீனா. பேருந்து நிறுத்தத்தில் சின்னதாக ஒரு தையற்கடை. ஜாக்கெட், பள்ளிக்கூடச் சீருடை, பழைய பேண்ட்டுக்கு ஜிப்பு. அதோடு சில வருடங்கள் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராகவும் இருந்தேன். அந்தப் பதவியின் பெயர் எங்கள் பெண்கள் யார் வாயிலும் நுழையவில்லை. காலையும் மதியமும் பெயர் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, கைபேசியில் படம் எடுத்து ஏற்றுவேன். பெயர் கூப்பிடுகிறவள் டீச்சர்தானே. என்னைவிட மூத்தவர்களும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் போகும் கார்கள் எங்கள் ஊரில் டயருக்குக் காற்றடிக்க மட்டும் நிற்கும். கடற்காற்று எங்களை வந்து சேர்வதற்குள் சூடாகிவிடும். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மட்டும். அப்போது ஏரி நிரம்பும். சித்திரையில் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

நிலத்தில் பாதி வேர்க்கடலை, தர்பூசணி. மீதிப் பாதியில் கொடி கட்டிய மனைக்கல். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்குக் குழாயில் அனுப்புகிறார்கள் என்று எங்கள் பெண்கள் கேள்விப்பட்டு, “அந்தக் கொழாய்ல ஒரு ஓட்டையாவது வுழாதா இந்தப் பக்கம்” என்று பெருமூச்சு விடுவார்கள்.

காலையில் கம்பெனி வண்டிகள் வந்து ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் சிறுசேரிக்கும் இளசுகளை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு ஊரில் மிஞ்சுவது ஆடுகள், கிழவர்கள், எங்களைப் போன்ற பெண்கள். இந்த மூன்றில் வேலைக்குப் போனது நாங்கள் மட்டும்தான். ஏரிக்கு, தூர் வார.

இரண்டு மரங்கள்

ஏரிக்கரையில் எங்களுக்கு இரண்டு மரங்கள் இருந்தன. ஊர்த்தெருப் பெண்கள் புளியமரத்தடியில் சாப்பிடுவார்கள். காலனிப் பெண்கள் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில். இப்படி உட்காருங்கள் என்று யாரும் உத்தரவு போடவில்லை. முதல் நாள் மண்வெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதே கால்கள் தானாகப் பிரிந்து போயின.

மண் வெட்டும்போது எல்லாரும் கலந்துதான் நிற்பார்கள். காலனிப் பெண் வெட்டி நிரப்பிய பாண்டுச் சட்டியை ஊர்த்தெருப் பெண் வாங்கி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். மண்ணுக்குத் தீட்டு இல்லை. சோற்றுக்குத்தான் உண்டு.

நான் இரண்டு மரத்துக்கும் நடுவில் குடையை விரித்துக்கொண்டு உட்காருவேன். எந்த மரமும் எனக்குச் சொந்தமில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் இரண்டு மரத்துப் பெண்களும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். பட்டினி கிடப்பவள் எதிரில் மெல்லக் கூடாதாம். வாசனை மட்டும் காற்றோடு நேராக என்னிடம் வரும். அதற்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை.

பூங்காவனம் அக்கா வேப்பமரத்து ஆள். புருஷன் செத்துப் பல வருடம். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் தனியாக இருந்தாள். மகன் சேகர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. படப்பைப் பக்கம் வாடகைக்கு வீடு. “வந்துடும்மா” என்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான். நல்ல பிள்ளைதான். அவள்தான் போகவில்லை.

“போனா இன்னா டீச்சர் செய்வேன் நானு? மருமவ சமைப்பா, துன்னுட்டு டீவி எதிர்ல குந்திகினு இருக்கணும். என் அடுப்பு எரியற வரிக்கும் நான் பூங்காவனம். அத்த வுட்டுட்டுப் போனா சேகரு அம்மா, அவ்ளோதான்.”

அந்த அடுப்பை எரியவைத்தது ஏரி வேலை. வயதைப் பார்த்து நான் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை போட்டிருந்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரை நெடுக நடப்பாள். காலனிப் பெண்கள் கைகுவித்துக் குடிப்பார்கள். ஊர்த்தெருப் பெண்கள் தாங்களே பாட்டிலில் கொண்டுவந்திருப்பார்கள்.

புளியமரத்து ஆட்களில் முக்கியமானவள் கன்னியம்மா. என் வயது. குரல் கரகரவென்று இருக்கும், ஆனால் அதிகம் பேச மாட்டாள். பத்துப் பன்னிரண்டு ஆடு, ஒரு மகன். மகன் குமார் மனைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகன். கன்னியம்மா கொண்டுவரும் பாட்டில் எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்தத் தண்ணீர் தீர்ந்துபோய்த் தாகத்தோடு வீட்டுக்கு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பூங்காவனம் அக்காவின் குடம் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரே மாதிரி டப்பா

புயல் ஒன்று வந்து புளியமரத்தை வேரோடு சாய்த்தது. மரத்தை ஏலம் எடுத்தவர் கிளைகூட விடாமல் வாரிக்கொண்டு போனார். மழை ஓய்ந்து வேலை மறுபடி ஆரம்பித்தபோது கரையில் நிழல் ஒன்றே ஒன்று. வேப்பமரம்.

ஊர்த்தெருப் பெண்கள் இரண்டு நாள் வெயிலில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒவ்வொருத்தியாக நிழலின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். மரத்தின் இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் அடிமரம்.

இங்கே டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சமயம் ஊராட்சித் தலைவராக இருந்தவர் மகளுக்குக் கல்யாணம் செய்தார். ஓட்டுப் போட்ட எல்லாத் தெருவுக்கும் தாம்பூலத்தோடு ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா கொடுத்தார். அடியில் சோற்றுக்கு இடம். மேலே குழம்புக்கு ஒரு கிண்ணம். மூடியில் மணமக்கள் பெயர். ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. எங்கள் வீட்டில்கூட அந்த மாப்பிள்ளை பெயரை நாங்கள் தினமும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம்.

எறும்புத் தொல்லைக்காக எல்லாரும் பையை வேப்பமரத்துக் கிளைகளில் மாட்டிவைப்பார்கள். ஒரு நாள் காற்று பலமாக அடித்துப் பைகள் எல்லாம் கீழே விழுந்தன. டப்பாக்கள் உருண்டன. யாரோ பொறுக்கி யார் யார் பையிலோ போட்டு மறுபடி மாட்டினார்கள். பெயர் பார்த்துப் போட முடியாது. எல்லா மூடியிலும் ஒரே பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மா வழக்கம்போலப் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, “இன்னிக்கி இன்னாவோ ருசியா கீது” என்று தனக்குத்தானே சொன்னாள். மருமகளுக்குத் திடீரென்று கைமணம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மரத்தின் அந்தப் பக்கம் பூங்காவனம் அக்கா டப்பாவைத் திறந்தாள். உள்ளே காராமணிக் குழம்பு. அவள் வைத்தது கத்திரிக்காய் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்பு. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மூடியைச் சத்தம் வராமல் மூடினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முகத்தை நான் பார்த்தேன். டப்பா மாறிய சின்ன விஷயத்துக்கு அப்படி முகம் செத்துப்போகாது. அடுத்து என்ன நடக்கும் என்று அவள் பயந்தாள். அவள் வயதுக்கு, தீட்டு என்று சொல்லி நடந்தவற்றையெல்லாம் பார்த்தவள்.

அக்கா டப்பாவை மூடியதைப் பார்த்து மற்றவர்களுக்கும் விளங்கிவிட்டது. பேச்சுச் சத்தம் குறைந்ததும் கன்னியம்மா நிமிர்ந்தாள். எல்லாரும் அவள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். கருவாட்டுத் துண்டு. அவள் வீட்டில் அன்று கருவாடே வாங்கவில்லை.

வாயில் ஒரு கவளம் இருந்தது. அதைத் துப்பிவிடுவாளோ என்று எல்லாரும் பார்த்திருந்தோம். அவள் மெதுவாக மென்றாள். முழுங்கினாள்.

“கருவாடு எங்க வாங்குன?” என்றாள், அடிமரத்தைப் பார்த்து.

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லப் பதில் வந்தது. “கடப்பாக்கத்துக்காரன் வண்டில வருவானே, அவன்கிட்ட.”

“ம். என் காராமணி ஆறிப் போவுது. துன்னு.”

அவ்வளவுதான் நடந்தது.

ஒரு சட்டம்

மறுநாள் கன்னியம்மா தன் கிண்ணத்தைத் தானே எடுத்து வேப்பமரத்தின் அந்தப் பக்கம் நீட்டினாள். அக்காவின் கிண்ணம் இந்தப் பக்கம் வந்தது. ஒரு வாரத்தில் இன்னும் சிலர். இரண்டு பெண்கள் மட்டும் முறைத்துக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தார்கள். பங்குனி வெயில் அவர்களையும் கொண்டுவந்து சேர்த்தது.

போகப் போக அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. கரையில் யாரும் தன் குழம்பைத் தான் தின்னக் கூடாது. வட்டமாக உட்கார்ந்து மேல் கிண்ணத்தை எடுத்து வலது கைப்பக்கம் இருப்பவளிடம் கொடுக்க வேண்டும். சோறு அவரவருடையது, குழம்பு அடுத்தவளுடையது. குழம்பு வைக்காமல் வந்தவள் வட்டத்தில் உட்கார வெட்கப்படுவாள். அதனால் வீட்டில் ஒன்றுமில்லாத நாளில்கூடப் புளியைக் கரைத்து ஏதாவது ஒன்று கொதிக்கவைத்துக் கொண்டுவருவாள். நான் தால்ச்சா கொண்டுபோகும் நாளில் என் இடது பக்கத்து இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். வலது பக்கத்துக்குத்தான் அடிதடி.

பூங்காவனம் அக்கா முந்தின நாள் சாயந்திரமே யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். நாளைக்குத் தனக்கு வலப்பக்கம் யார், அவளுக்குக் காரம் ஆகுமா, கன்னிக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இன்னொருத்தி நாக்கை நினைத்துச் சமைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது பிள்ளைகள் வெளியூர் போய் நானும் வீட்டுக்காரரும் மட்டும் இருக்கும்போதுதான் தெரிகிறது.

கரையில் கன்னியம்மா அவளை “யக்கா” என்பாள். குடத்துத் தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடிப்பாள். பெரிய பாட்டிலைக் கொண்டுவருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

கரையை விட்டு இறங்கித் தார்ச்சாலைக்கு வந்துவிட்டால் இருவரும் தனித்தனியாக நடப்பார்கள். கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் புருவத்தை மட்டும் தூக்கிக்கொள்வார்கள். இதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. ஏரிக்கரை வேறு, தெரு வேறு என்று அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

டவுன் ஆனோம்

பட்டாசு வெடித்துச் சில வாரங்கள் இருக்கும். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அடுத்த வேலையின் விவரம் கேட்கப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். இது கிராம ஊராட்சிகளுக்கான வேலைம்மா. உங்கள் ஊர்தான் பேரூராட்சி ஆகிவிட்டதே. உங்களுக்கு இனி இங்கே இல்லை.

திரும்பி வரும் பேருந்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எனக்கு அழுகையாக வந்தது. ஊருக்குள் எல்லாருக்கும் சந்தோஷம். மனை விலை ஏறியிருந்தது. தெருவிளக்கு வெள்ளையாக எரிந்தது. குமாரைப் போன்றவர்களுக்குப் போன் ஓயவில்லை. நிலமே இல்லாத பெண்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினோம்.

வேப்பமரத்தடியில் அவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஒருத்தி, “நாம எங்கியும் போவலியே டீச்சர், அதே ஊர்லதான கீறோம்” என்றாள்.

பூங்காவனம் அக்கா ஒரு வேப்பிலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பிறகு, “நான்தான கொளுத்துனேன்” என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பெண்கள் சிதறினார்கள். கொஞ்சம் வயது குறைந்தவர்கள் சிறுசேரி அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கப் போனார்கள். சிலர் கடலோர ரிசார்ட்டுகளில் தரை துடைக்க. நான் பூங்காவனம் அக்காவையும் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பையன் ஆதார் அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்த்தான், அவள் இடுப்பைப் பார்த்தான், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேர்க்கடலை பிடுங்கப் போகலாம் என்றால் பாதிக் கடலைக் கொல்லையில் மனைக்கல். முதியோர் உதவித்தொகை மருந்துக்கே சரியாக இருந்தது.

சேகர் மறுபடியும் கூப்பிட்டான். அவள் மறுபடியும் மாட்டேன் என்றாள். ஆனால் முன்பு சொன்ன மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

தையற்கடை பெஞ்சு

ஒரு மதியம் என் கடைக்கு வந்தாள். பையில் அந்த டப்பா.

“டீச்சர், மாத்திக்கலாமா?”

என் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தேன். அவளுடையதை நான் வாங்கினேன். கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டில் வாய்க்கு ருசியே இல்லை என்றாள். ஒரு ஆளுக்கு என்னத்தை வைப்பது, வைத்தாலும் அடுப்படியிலேயே நின்று தின்றுவிட்டு வருகிறேன் என்றாள்.

இது கன்னியம்மா காதுக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது. நாலைந்து நாள் கழித்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு கடை வழியாகப் போனவள், உள்ளே எட்டிப் பார்த்து, தையல் மெஷின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். அக்கா வந்ததும் கொடுத்தேன். திறந்து பார்த்து, “காராமணி” என்றாள். அன்று அவள் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கிண்ணத்தை விரலால் வழித்தாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. காலையில் கன்னியம்மா வைத்துவிட்டுப் போவாள். மதியம் அக்கா அதை எடுத்துக்கொண்டு தன் கிண்ணத்தை வைப்பாள். சாயந்திரம் ஆடு திரும்பும்போது கன்னியம்மா எடுத்துக்கொண்டு போவாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே இல்லை. குழம்பு மட்டும் போய் வந்தது. “கன்னி இன்னிக்கி உப்பு போட மறந்துட்டா” என்று அக்கா சொல்வாள். “யக்காவுக்கு ஒடம்பு சரியில்லியா, காரமே இல்ல” என்று கன்னியம்மா சாயந்திரம் சொல்வாள். நான் நடுவில் தபால்காரி.

அக்கா படப்பைக்குப் போகும் பேச்சை விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு நாள் கன்னியம்மாவின் மகன் குமார் கடைக்கு வந்தான். சட்டை தைக்க வந்தானோ என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். பேரூராட்சித் தேர்தலில் அவன் வார்டுக்கு நிற்கப் போகிறான் என்று ஊரில் பேச்சு இருந்தது.

“டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு அந்த மாரிலாம் ஒண்ணும் கெடையாது. பஸ் ஸ்டாண்டாண்ட வச்சி மாத்திகினு கீறாங்கன்னு எங்க தெருவுல பேசறாங்க. முன்னாடி மாரி இல்ல, இப்ப நம்ம ஊரு டவுன் ஆயிடுச்சி. நாலு பேரு பார்ப்பாங்க.”

குரல் உயரவே இல்லை. மெஷின் மேலிருந்த அவன் அம்மாவின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, “வரேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. கடைக்குள் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன், ஊசியில் நூல் இல்லாமல்.

மதியம் அக்கா வந்தாள். மெஷின் மேல் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். என் கிண்ணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் சாப்பிடாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். கன்னியம்மா ஆடுகளை வேறு வழியாக ஓட்ட ஆரம்பித்திருந்தாள்.

கடைசி நாள் அக்கா டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இனிமே என் கொழம்ப நானே துன்னணும் போல கீது, டீச்சர்.”

அந்த வாரம் சேகர் ஆட்டோவோடு வந்தான். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்கா பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனாள். அடுப்பை வழித்துக் கோலம் போட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள்.

கரை

ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்கா தூக்கத்தில் போய்விட்டாள் என்று சேகர் போனில் சொன்னான். ஊருக்கே கொண்டுவந்தார்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு காலனிக்குக் கிளம்பும்போது கடை வாசலில் கன்னியம்மா நின்றாள். கையில் பை.

“எங்கூட வரியா டீச்சர்? தனியாப் போவக் கால் வரல.”

இத்தனை வருடத்தில் அவள் காலனித் தெருவுக்குள் கால் வைத்தது அன்றுதான். வழியில் ஒருத்தர் இருவர் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு முன்னால் பந்தல். அக்காவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கன்னியம்மா நேராகப் போய்க் கண்ணாடி மேல் கையை வைத்தாள். “யக்கா” என்றாள். தெருவுக்குள் வைத்து அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு உட்கார்ந்து அழுதாள். காலனிப் பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். ஏரியில் ஒன்றாக மண் சுமந்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

மதியம் எடுத்துக்கொண்டு போனார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. சேகர் ஓட்டலிலிருந்து பொட்டலம் வரவழைத்திருந்தான். கன்னியம்மா பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. கொடுக்கத்தான் கொண்டுவந்திருப்பாள். கொடுக்க வேண்டியவள்தான் இல்லை.

வெளியே வந்ததும், “ஏரிக்குப் போலாம்” என்றாள்.

ஏரியில் தண்ணீர் இருந்தது. நாங்கள் வெட்டிய பக்கம்தான் ஆழம். அவள் இறங்கித் தலையை முக்கி எழுந்தாள். ஈரத்தோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் உட்கார அது எவ்வளவு பெரிய நிழல். பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியில் அந்த மணமக்கள் பெயர் பாதி தேய்ந்திருந்தது. மேல் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். சோற்றையும் என் பக்கம் தள்ளினாள்.

கத்திரிக்காய் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்பு.

“யக்கா வச்ச மாரி கீதா?”

“புளி கொஞ்சம் தூக்கல்” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

தலையை ஆட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பாதியைப் பிசைந்து அவளிடம் நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டாள்.

“நம்ம கொழம்ப நம்மளே துன்னக் கூடாதுல்ல.”

அவசரத்தில் நான் எதுவும் எடுத்து வரவில்லை. மாற்றிக் கொடுக்க என்னிடம் ஒரு கிண்ணம் இல்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கன்னியம்மா வெறும் வயிற்றோடு என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.